மறைத்து வைத்துக்கொள்ள ஒரு சின்னத் துப்பாக்கி: டெக்சஸில் முதன்முறை வாங்குபவருக்கு

டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய் "தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னதை எடுத்து நீட்டுவார். வாங்க வந்தவர் பெண் என்றால் சொல்லவே வேண்டாம், கை நேராக அந்த அடுக்குக்குத்தான் போகும். வாங்கிப் பார்த்தால் 300 கிராம்கூட இருக்காது. பேன்ட் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. உடனே பணத்தைக் கட்டிவிடத் தோன்றும்.

கட்டாதீர்கள். துப்பாக்கியின் எடை குறையக் குறையச் சுமப்பது எளிதாகும், சுடுவது கடினமாகும். மிகச் சிறிய பிஸ்டல் நன்றாகச் சுடப் பழகியவருக்கானது. புதியவர் தேட வேண்டியது கடையில் இருப்பதிலேயே சின்னதை அல்ல, தன் உடையில் மறைக்க முடிந்ததிலேயே பெரியதை. கீழே உள்ள எல்லாம் இந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான்.

சட்டம் உங்களை அனுமதிக்கிறதா?

நம்மவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. டெக்சஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்குக் காரணமாகும் குற்றங்களில் ஒன்று. நண்பர்கள் பேச்சை நம்பி இதில் இறங்க வேண்டாம், குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கிரீன் கார்டு இருப்பவர்களும் குடிமக்களும் வாங்கலாம்.

இதில் பலர் யோசிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூட்டிப்போய், கையில் துப்பாக்கியைக் கொடுத்து படம் எடுப்பது. ஐந்து நிமிடம் பிடித்தாலும் சட்டத்தின் கண்ணில் அதுவும் வைத்திருப்பதுதான். வேடிக்கை பார்க்க வரட்டும், தொட வேண்டாம்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஃபார்ம் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை நடக்கும். அந்தப் படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம். வாங்கத் தகுதியில்லாத நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். கஞ்சா பற்றியும் படிவம் கேட்கும். சில மாநிலங்களில் அது சட்டப்படி கிடைக்கிறது என்பது அங்கே பதிலாகாது.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் தகுதியுள்ள 21 வயதானவர்கள் லைசன்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அப்படியானால் எல்டிசி (லைசன்ஸ் டு கேரி) என்று எல்லோரும் சொல்லும் அந்த லைசன்ஸ் எதற்கு? எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு மத்திய அரசுச் சட்டம் இருக்கிறது. அந்த மாநிலத்தின் லைசன்ஸ் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு, லைசன்ஸ் இல்லாமல் நடப்பவருக்கு இல்லை. நம் ஆட்கள் வீடு பார்ப்பதே நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான், எனவே தினமும் அந்த எல்லையைக் கடந்துதான் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். பல மாநிலங்கள் டெக்சஸ் லைசன்ஸை ஏற்கின்றன என்பதும் ஒரு வசதி. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி ஏற்பதில்லை. வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், அப்புறம் 3, 7, 15 கெஜத் தூரங்களிலிருந்து மொத்தம் 50 தோட்டாக்கள் சுட்டுக்காட்டும் தேர்வு. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர்.

வாங்குவதற்கு முன் சுட்டுப் பாருங்கள்

பெரிய ஊர்களின் உள்ளரங்க ரேஞ்சுகளில் துப்பாக்கியை வாடகைக்குத் தருவார்கள். ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொண்டு சின்னக் குண்டைச் சுடும் .22 பிஸ்டலில் தொடங்குங்கள். பிறகு குளாக் 19 போன்ற நடுத்தர அளவுள்ள ஒரு 9 மி.மீ. துப்பாக்கி. கையில் இரண்டும் பழகிய பிறகு சின்னவற்றைக் கேளுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே கைக்குள் அடங்கும் பிஸ்டலைச் சுட்டவர்கள் குண்டு வெடிக்கும் முன்பே கண்ணை மூடப் பழகிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் போக மாதக்கணக்காகும்.

அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளை அதற்கு முன்பே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாய் படக் கூடாது. குறி பார்த்து, சுடுவது என்று முடிவெடுக்கும் வரை விரல் ட்ரிக்கருக்கு வெளியே. இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கடை மேசையில் பார்க்கும்போதும் இதே விதிகள்தான். கடைக்காரர் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைத் திறந்து காட்டித் தருவார். நீங்களும் ஒருமுறை குழலின் உள்ளறையைப் பாருங்கள். வெறும் ட்ரிக்கரை இழுத்துப் பார்க்க விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்வதுதான் மரியாதை.

உள்ளரங்கில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் காதை முழுவதும் மூடும் மஃபும் இரண்டும் போடுங்கள். கண்ணாடி கட்டாயம். திரும்பும்போது கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயத் தூள் ஒட்டியிருக்கும். கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

எங்கே வைக்கப் போகிறீர்கள்?

டாலஸில் ஜூலை மாதம் யாரும் கோட்டு போடுவதில்லை. டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். அந்த உடையில் எது மறைகிறது என்பதிலிருந்துதான் துப்பாக்கியின் அளவு முடிவாகிறது.

புதியவர்கள் குழலின் நீளத்தையே பார்க்கிறார்கள். இடுப்புக்குள் சொருகினால் குழல் பேன்ட்டுக்குள் போய்விடும், அரை அங்குலம் கூடினாலும் வெளியே தெரியாது. காட்டிக்கொடுப்பது பிடிதான். குனியும்போது சட்டைக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்பது அதன் அடிமுனை. ஆகவே குழல் கொஞ்சம் நீளமாகவும் பிடி குட்டையாகவும் இருப்பது நல்ல சேர்க்கை. ஆனால் பிடி மிகவும் குட்டையானால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், சுடும்போது துப்பாக்கி கையிலேயே புரளும். மேகசினின் அடியில் விரல் தாங்கி வைத்தது கிடைக்கும். இரண்டையும் பிடித்துப் பாருங்கள்.

ஆண்களுக்குப் பொதுவான இடங்கள் மூன்று: வலது இடுப்பின் பின்பக்கம், தொப்புளுக்குச் சற்று வலப்புறம் முன்பக்கம், பேன்ட் பை. முன்பக்கம் நன்றாக மறையும், வேகமாக எடுக்கவும் முடியும். ஆனால் உட்கார்ந்தால் குழல் தொடையை நோக்கும், தொப்பை உள்ளவர்களுக்கு உறுத்தும். புதியவருக்கு இடுப்பின் பின்பக்கத்தையே சொல்வேன். பேன்ட் பையில் வைப்பதென்றால் அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பேனா எதுவும்.

பெண்களுக்கு எழுதப்படும் குறிப்புகளில் பாதி பெல்ட்டோடுதான் தொடங்குகின்றன. சுடிதாருக்கும் சேலைக்கும் பெல்ட் எங்கே? வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலமான எலாஸ்டிக் பட்டை ஒரு வழி. ஆனால் ட்ரிக்கரை மூடும் இடத்தில் கெட்டியான பிளாஸ்டிக் இருக்கும் வகையாகப் பாருங்கள், வெறும் துணி போதாது. கைப்பையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் துப்பாக்கியும் போகும். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊரில் ஒரு கடைக்குள், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் துழாவியதில் உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் இறந்துபோனார். அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு செய்யப்பட்டது.

.380ஆ, 9 மி.மீ.ஆ?

சின்னத் துப்பாக்கி உலகத்தில் இந்த இரண்டு தோட்டா வகைகளுக்கும்தான் போட்டி. குண்டின் குறுக்களவு கிட்டத்தட்ட ஒன்றுதான். .380 தோட்டாவின் உறை 17 மி.மீ. நீளம், 9 மி.மீ. தோட்டாவின் உறை 19 மி.மீ. இந்த இரண்டு மி.மீ. வித்தியாசத்தையும் கூடுதல் அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு 9 மி.மீ. நல்ல வித்தியாசத்தில் வலுவாகிறது.

1986 ஏப்ரலில் மயாமியில் தன் அதிகாரிகளுக்கும் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. தோட்டாக்களைச் சோதிக்கும் முறையையே மாற்றியது. உடலின் தசைக்கு ஈடாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் குண்டு 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும் என்பது அப்போது வந்த அளவுகோல், இன்றும் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல 9 மி.மீ. தோட்டா குட்டைக் குழலிலிருந்தும் இதைத் தொடும். .380 அப்படியில்லை. முனை விரியும் தோட்டா விரிந்தால் பாதியில் நிற்கிறது, ஆழமாகப் போனால் விரிவதில்லை. இரண்டையும் சமாளிக்கும் தோட்டாக்கள் உண்டு, தேடித்தான் எடுக்க வேண்டும்.

அதற்காக .380 வேண்டாம் என்று சொல்லவில்லை. கை வலுவில்லாதவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் 9 மி.மீ.யின் உதைக்குப் பயந்து பயிற்சியே செய்யாமல் விடுவதைவிட .380இல் குறி தவறாமல் சுடுவது எவ்வளவோ மேல். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: .380 தோட்டா வழக்கமாக 9 மி.மீ.யைவிட விலை கூடுதல். வலுவும் குறைவு, விலையும் அதிகமா என்று கோபம் வரும். விற்பனை குறைவு என்பதால் அப்படி.

எடையும் உதையும்

பள்ளியில் படித்த இயற்பியல்தான். ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால் அது பின்னால் வரும் ஆற்றல் இரண்டு மடங்காகும். 280 கிராம் துப்பாக்கியில் .380 சுடுவது, 500 கிராம் துப்பாக்கியில் 9 மி.மீ. சுடுவதைப் போலவே கையைக் கடிக்கும். பலருக்கு அதைவிட மோசமாகவும் படும், ஏனென்றால் பிடி மெல்லியதாக இருப்பதால் உதை முழுவதும் உள்ளங்கையின் ஒரு கீற்றில் இறங்குகிறது. ".380 என்றால் மென்மையாக இருக்கும்" என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள் முதல் மேகசினிலேயே திகைப்பது இதனால்தான்.

பெட்டியில் எழுதியிருக்கும் எடை வெறும் துப்பாக்கிக்கு. 9 மி.மீ. தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம், பத்து போட்டால் 120 கிராம் கூடும். இடுப்பில் தொங்கப்போவது அந்தக் கூட்டுத்தொகை.

ஸ்லைடு, ட்ரிக்கர், சேஃப்டி

ஸ்லைடை உங்களால் பின்னுக்கு இழுக்க முடிகிறதா? சின்னத் துப்பாக்கியில் ஸ்பிரிங் குட்டை, அதனால் விறைப்பு அதிகம். வால்தர் பிபிகே போன்ற பழைய வகைகளில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொள்வதில்லை, ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அவை .380 ஆனாலும் இழுக்கக் கடினமாக இருக்கும், உதையும் கூர்மை. பிடித்த கையை முன்னால் தள்ளி மற்ற கையைப் பின்னால் இழுத்தால் பாதிச் சிரமம் போய்விடும். அப்படியும் முடியவில்லையென்றால் வேறு துப்பாக்கி பாருங்கள். கை வியர்த்து நடுங்கும்போது இன்னும் கடினமாகத்தான் இருக்கும்.

ட்ரிக்கர் பற்றி ஆளுக்கொரு கருத்து. நீண்டு கனமாக இழுபடுவது தவறுதலாக வெடிக்காது, ஆனால் குறி தவறும். குட்டையாக லேசாக இருப்பது எளிதாகச் சுடும், அதற்கு நல்ல ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) அவசியம். தவறுதலாகச் சுடாமல் தடுக்கும் கட்டைவிரல் சேஃப்டி வேண்டுமென்றால் வாங்குங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதை அழுத்திப் பழக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மிகச் சின்னவற்றில் குறிமுனைகள் பெயருக்குத்தான் இருக்கும். மங்கலான வெளிச்சத்தில் அவை கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கச் சொல்பவை

சிக் சாவர் பி365. 2018இல் வந்தது. 505 கிராம், 3.1 அங்குலக் குழல், மேகசினில் 10, அறைக்குள் ஒன்று. அதற்கு முன் இந்த அளவில் 6 அல்லது 7 தோட்டாதான் கிடைத்தது, 2015இல் வந்த குளாக் 43ஐப் பாருங்கள், ஆறுதான். பி365 வந்த பிறகு மற்றவர்களும் ஓடிவந்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 11 தோட்டாவோடு வந்தது. முதல் துப்பாக்கி என்றால் இந்த வகையில்தான் நான் தேடுவேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஇசட் .380. 525 கிராம், சின்னது என்று சொல்ல முடியாது. ஆனால் ஸ்லைடு வெண்ணெய், மேகசின் நிரப்பவும் விரல் வலிக்காது. ஓய்வு பெற்ற வயதில் முதன்முறை வாங்குபவர்கள் இதைப் பிடித்துப் பார்க்காமல் கடையை விட்டு வர வேண்டாம்.

ரூகர் எல்சிபி மேக்ஸ். 300 கிராம், .380, மேகசினில் 10. 2008இல் வந்த முதல் எல்சிபியில் ஆறுதான், குறிமுனையும் கிட்டத்தட்ட இல்லை. மேக்ஸில் இரண்டும் சரியாகிவிட்டன. 2024இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்டு 2.0 இதற்கு நேர்ப் போட்டி, ட்ரிக்கர் அதில் இன்னும் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இவை இரண்டாவதாக வாங்க வேண்டியவை.

ரிவால்வர் எளிது, புதியவருக்கு அதுதான் நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இயக்குவது எளிதுதான், ஸ்லைடு இல்லை, சிக்கிக்கொள்வது அரிது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 அல்லது ரூகர் எல்சிஆர், சுமார் 400 கிராம், ஐந்து .38 தோட்டா. ஆனால் ட்ரிக்கர் கனம், உதை கடுமை, ஐந்து முடிந்தால் மறுபடி நிரப்ப நேரமாகும். நன்றாகச் சுட இதைவிடக் கடினமான கைத்துப்பாக்கி அதிகமில்லை.

ஹோல்ஸ்டரில் சிக்கனம் வேண்டாம்

நூற்றுக்கணக்கில் செலவழித்துத் துப்பாக்கி வாங்கிவிட்டு 15 டாலர் துணி உறையில் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கைடெக்ஸ் போன்ற கெட்டியான பொருளில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது வேண்டும். ட்ரிக்கர் முழுதாக மூடியிருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது, துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மடங்காமல் திறந்தே இருக்க வேண்டும். திருப்பி வைக்கும்போதுதான் விபத்துகள் நடக்கின்றன, சட்டை நுனியோ இழுகயிறோ ட்ரிக்கரில் மாட்டிக்கொள்ளும். மெதுவாக, கண்ணால் பார்த்து வையுங்கள். வேகமாக வைப்பதற்கு எந்த அவசரமும் கிடையாது. கூடவே தடித்த பெல்ட் ஒன்று.

தற்காப்புக்கென்று வைக்கப்போகும் அதே தோட்டாவைச் சில பெட்டிகளாவது சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே இடுப்பில் வையுங்கள். சின்னத் துப்பாக்கிகள் பிடியின் தளர்வையும் தோட்டாவின் வகையையும் பெரியவற்றைவிட அதிகமாகப் பொருட்படுத்துபவை. அப்புறம் மாதம் ஒருமுறையாவது ரேஞ்சு.

வீட்டில்

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டுக்குள் துப்பாக்கி வரும்போது ஆபத்தும் கூடவே வருகிறது. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தால், அல்லது ஒரு கெட்ட காலம் நடந்துகொண்டிருந்தால், இப்போது வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் வெளியே பத்திரப்படுத்துங்கள்.

இடுப்பில் இல்லாத நேரம் முழுவதும் பூட்டிய பெட்டியில். அலமாரி மேல்தட்டு பெட்டியாகாது, பிள்ளைகளுக்கு எந்தத் தட்டும் உயரமில்லை. 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் குண்டு நிரம்பிய துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விடுவது டெக்சஸில் குற்றம். காரில் இரவு விட்டுவைப்பதும் கூடாது, அங்கிருந்துதான் திருட்டுப் போகிறது.

வெளியில்

வாசல் பலகைகளைப் படியுங்கள். லைசன்ஸ் இல்லாதவரைத் தடுக்கும் பலகைக்கு 30.05 என்று எண், லைசன்ஸோடு மறைத்து வருபவருக்கு 30.06, வெளியே தெரிய வருபவருக்கு 30.07. 51% என்று சிவப்பாகப் போட்டிருந்தால் அது மதுக்கூடம், துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது. கோயில்களும் இப்படிப் பலகை வைத்துத் தடுக்கலாம். செருப்பைக் கழற்றும் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் போய்விடாதீர்கள். குடிக்கப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில், உள்விளக்கு எரியட்டும். அடையாள அட்டை கேட்டால் ஓட்டுநர் உரிமத்தோடு எல்டிசியையும் சேர்த்துக் கொடுங்கள். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், தொட்டுக் காட்ட வேண்டாம்.

உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கியைக் குண்டில்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் சாமானாக, உள்ளே இருப்பதைச் சொல்லிப் போடலாம். சென்னை விமானத்துக்கு அந்த யோசனையே வேண்டாம். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஒருபோதும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் மறந்துபோன ஒற்றைத் தோட்டா கிடைத்தாலும் இந்திய விமான நிலையத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வழக்காகும், விடுமுறை முழுவதும் கோர்ட்டும் வக்கீலுமாகப் போய்விடும். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்று வாங்கி, அதன் மேல் பெரிதாக எழுதி வையுங்கள்.